மின்சாரமா, மென்பொருளா?

பங்குச் சந்தை என்றால் பம்பாய்க்காரர்களின் சூதாட்டம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஒதுக்கி வைத்திருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று வகுப்பு இடைவேளையில் கைப்பேசியிலேயே பங்கு வாங்கவும் விற்கவும் முடிகிறது. அவ்வாறு வாங்கும் நண்பர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது தெரியும். "மின்சாரம் இல்லாமல் உலகம் இயங்காது, ஆகவே மின் நிறுவனப் பங்குதான் பத்திரம்" என்பது ஒரு கட்சி. "பணம் பெருக வேண்டுமானால் கம்ப்யூட்டர் கம்பெனிதான்" என்பது மறு கட்சி. இரு சாராருமே பாதி உண்மையை வைத்துக்கொண்டு வாதிடுகிறார்கள் என்பது என் கருத்து. பொதுவாகப் பேசாமல், என்.டி.பி.சி., இன்ஃபோசிஸ் என்ற இரண்டு நிறுவனங்களை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

இன்ஃபோசிஸின் கதை பலருக்கும் தெரிந்ததே. 1993ஆம் ஆண்டு ஒரு பங்கு 95 ரூபாய் என்று மக்களிடம் வந்தபோது வாங்குவார் போதவில்லை. மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிறுவனம் கைகொடுக்க வேண்டியிருந்தது. அன்று 9,500 ரூபாய் கொடுத்து நூறு பங்கு வாங்கி, விற்காமல் வைத்திருந்தவரிடம், போனஸ் பங்குகளும் பங்குப் பிரிப்பும் சேர்ந்து 2018இல் 1,02,400 பங்குகள் இருந்தன. நம் நண்பர்களின் கண்ணில் மின்னுவது இந்தக் கணக்குத்தான். கணக்கில் பிழையில்லை. ஆனால் அதே 1990களில் மென்பொருள் என்ற பெயரைத் தாங்கி வந்த நிறுவனங்கள் எத்தனை! சென்னையிலிருந்தே பென்டாமீடியா கிராஃபிக்ஸ், டி.எஸ்.க்யூ. சாஃப்ட்வேர் என்ற பங்குகள் விண்ணில் பறந்தன. 2001இல் கேதன் பரேக் ஊழல் வெடித்தபின் தரையில் விழுந்தன. சத்யம் நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று தம் கணக்குகள் பொய் என்று எழுதிக் கொடுத்தார்; ஒரே நாளில் அதன் விலை முக்கால் பங்குக்கு மேல் கரைந்தது. வென்றவரின் கதை மட்டுமே நம் செவிக்கு எட்டுகிறது. தோற்றவர் வாய் திறப்பதில்லை.

வென்ற நிறுவனத்திலும் பணம் இழந்தவர் உண்டு என்பதுதான் வியப்பு. 1999-2000இல் இன்ஃபோசிஸின் நிகர இலாபம் 300 கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 2001-02இல் அது 800 கோடியைத் தாண்டியது. இவ்வாறு இலாபம் இரண்டரை மடங்கு ஆன அதே காலத்தில் பங்கின் விலை, 2000 மார்ச்சில் இருந்த உச்சத்தில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. காரணம் வேறொன்றுமில்லை. அந்த உச்சத்தில் வாங்கியவர்கள் நிறுவனத்தின் ஓராண்டு இலாபத்தைப்போல் இருநூறு மடங்குக்கும் மேல் விலை கொடுத்திருந்தார்கள்.

அப்படியானால் மின்சாரக் கட்சி வென்றுவிட்டதா? பொறுங்கள்.

என்.டி.பி.சி. தான் விற்கும் மின்சாரத்துக்குத் தானே விலை வைக்க முடியாது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விலையை வகுக்கிறது. 10,000 கோடி ரூபாயில் ஓர் அனல்மின் நிலையம் கட்டினால், பொதுவாக அதில் 70 சதவீதம் கடன், 30 சதவீதம் சொந்த முதல் என்று கொள்வார்கள். அந்த 3,000 கோடிச் சொந்த முதலுக்கு ஆண்டுக்கு 15.5 சதவீதம், அதாவது 465 கோடி, வருமானமாக அனுமதிக்கப்படும். கடனுக்கு வட்டி, நிலக்கரிச் செலவு, தேய்மானம் எல்லாம் மின்சாரம் வாங்கும் வாரியங்களின் தலையில். நிலையம் குறிப்பிட்ட அளவு இயங்கத் தயாராக இருந்தால் போதும். நட்டம் வராமல் காக்கும் ஏற்பாடே பெருலாபத்தையும் தடுத்துவிடுகிறது. மாநில வாரியங்கள் பாக்கி வைத்தால் மட்டும் தொல்லை. அப்படிக் குவிந்த பாக்கிகளைக் கடன் பத்திரங்களாக மாற்ற, 2001இல் அலுவாலியா குழுவின் யோசனை தேவைப்பட்டது.

இந்தப் பங்கு 2004இல் 62 ரூபாய்க்கு மக்களிடம் வந்தது. 2008 ஜனவரியில் 250 ரூபாயைக் கடந்தது. 2020 மார்ச்சிலோ 100 ரூபாய்க்கும் கீழே! இடையில் 2019இல் கிடைத்த ஐந்துக்கு ஒரு போனஸையும் ஆண்டுதோறும் வந்த ஈவுத்தொகையையும் கூட்டிப் பார்த்தாலும், 2008இன் உச்சத்தில் வாங்கியவர் பன்னிரண்டு ஆண்டு கழித்தும் முதலை எடுக்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நிறுவனம் ஓராண்டுகூட நட்டம் காட்டியதில்லை. வளர்ச்சிக்கு எல்லை கட்டப்பட்ட தொழிலுக்கு, எல்லையற்ற தொழிலுக்குரிய விலையைக் கொடுத்ததால் வந்த வினை அது. பிறகு காற்று மாறியது. 2023ஆம் ஆண்டில் மட்டும் என்.டி.பி.சி. ஏறத்தாழ 85 சதவீதம் ஏறியது. இன்ஃபோசிஸ் இருந்த இடத்திலேயே நின்றது. "மெதுவான பங்கு", "வேகமான பங்கு" என்ற பட்டங்களை அந்த ஆண்டில் யாருக்கு வழங்குவது?

ஆகவே எந்தத் தொழில் உயர்ந்தது என்ற பட்டிமன்றம் நமக்குத் தேவையில்லை. நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது, அந்தச் சம்பாத்தியத்தைப்போல் எத்தனை மடங்கு விலை கேட்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகள் போதும். மூன்று நான்கு ஆண்டில் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ வேண்டிய பணமென்றால் இரண்டு பங்கும் ஆகாது. அதன் இடம் அஞ்சலகம். பத்தாண்டு தொடாமல் வைக்கக்கூடிய பணம் இருந்து, என்னை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நியாயமான விலையில் மின் நிறுவனத்தையே முதலில் சொல்வேன். இதை ஒப்பாத நண்பர்கள் உண்டென்று அறிவேன். என் காரணம் எளிது. மேலே கண்ட 465 கோடிக் கணக்கை வணிகவியல் முதலாண்டு மாணவன் பென்சிலும் தாளும் கொண்டு போட்டுவிடலாம். இன்ஃபோசிஸின் அடுத்த ஆண்டு இலாபத்தைக் கணிக்க வேண்டுமானால், அமெரிக்க வங்கி ஒன்று கம்ப்யூட்டருக்கு எவ்வளவு செலவிடும், டாலர் எங்கே நிற்கும், செயற்கை நுண்ணறிவு எத்தனை பேர் வேலையைத் தின்னும் என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அவற்றை அறிந்தவர் தாராளமாக வாங்கட்டும். அவருக்குக் கிடைக்கும் பலனும் பெரிது.

பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். இவ்விரு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றின் படிகளைத் துறை நூலகத்தில் வைத்து, வாரம் ஒரு மணி நேரம் இலாப நட்டக் கணக்கையும் ஐந்தொகையையும் எங்களோடு சேர்ந்து படிக்க ஏற்பாடு செய்தால், கணக்குப் பதிவியல் தேர்வுக்கும் அது உதவும்.