குடை யாருக்கு?

2009 ஏப்ரல் 5ஆம் தேதி வடகொரியா நெடுந்தூர ராக்கெட் ஒன்றை விட்டது. மறுநாளே அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், ஏவுகணைத் தடுப்புச் செலவில் 140 கோடி டாலர் வெட்டு என்று அறிவித்தார். குடியரசுக் கட்சிக்காரர்கள் கூப்பாடு போட்டார்கள். எதிரி வாசலில் நிக்கிறான், இப்பப் போயா கதவைப் பிடுங்குவது என்றார்கள். மே 25இல் வடகொரியா அணுகுண்டையும் வெடித்தது. கேட்கவா வேணும்?

கதவை யாரும் பிடுங்கவில்லை. அலாஸ்காவுக்கும் கலிபோர்னியாவுக்கும் 30 தடுப்பு ஏவுகணைகள் என்ற கணக்கு அப்படியே இருந்தது. அதை 44 ஆக்குவதைத்தான் நிறுத்தினார்கள். அதுவும் நாலே வருசம். 2013இல் வடகொரியா மறுபடி வெடித்ததும், பாக்கி 14ஐயும் வைக்கிறோம், செலவு 100 கோடி டாலர் என்று அதே ஒபாமா அரசு அறிவித்தது. இத்தனை கொட்டியும், நாளும் நேரமும் குறித்து நடத்துகிற சோதனையிலேயே இந்தக் குடை ஏறக்குறைய பாதித் தடவைதான் குறியை அடித்திருக்கிறது.

'வடகொரியாவின் குண்டு பொய்யா தோழர்?' என்று கேட்கலாம். பொய்யில்லை. 2006 முதல் 2017 வரை ஆறு தடவை வெடித்திருக்கிறார்கள். பயப்படாதே என்று நான் சொல்லவில்லை. பயத்தைக் காட்டிக் கணக்குக் கேட்கிற வாயை அடைக்காதே என்கிறேன்.

கணக்கில் வராத ஒரு இடத்தைச் சொல்கிறேன். இந்தக் குடையைச் சோதித்துப் பார்க்கிற தளங்களில் முக்கியமானது பசிபிக் கடலில், மார்ஷல் தீவுகளின் குவாஜலினில் இருக்கிறது. 1946க்கும் 1958க்கும் இடையில் 67 அணுகுண்டுகளை அமெரிக்கா வெடித்துப் பார்த்தது இதே மார்ஷல் தீவுகளில்தான். குவாஜலின் தீவில் அமெரிக்கர்கள் குடியிருக்கிறார்கள். கோல்ஃப் மைதானம்கூட உண்டு. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் பக்கத்திலுள்ள எபை என்ற திட்டில் கிடக்கிறார்கள். அரைச் சதுர கிலோமீட்டர்கூடத் தேறாத இடத்தில் ஆயிரக்கணக்கான சனம். ஏவுகணை வந்து விழும் என்று 1960களில் நடுத்தீவுகளிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்து போடப்பட்டவர்களும் அதில் அடக்கம். காலையில் படகேறிப் போய் அமெரிக்கனின் தீவில் வேலை செய்யணும். வேலை முடிஞ்சா திரும்பிடணும், ராத்தங்கக் கூடாது. ஊர் வேறு சேரி வேறு என்பதை நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டுக் கடைசியில் எபையில் காலரா வந்தது. வானத்தில் பறக்கிற ஏவுகணையை மறிக்க காசு உண்டு, பக்கத்துத் திட்டில் காலராவை மறிக்க இல்லை. என்னய்யா பாதுகாப்பு இது?

வெட்டே கூடாது என்று கத்திய அதே குடியரசுக் கட்சி 2025 ஜூலையில் ஒரு சட்டம் போட்டது. டிரம்ப்பின் 'தங்கக் கூடார'த்துக்கு அதில் சுமார் 2,400 கோடி டாலர். மொத்தம் 17,500 கோடி ஆகும் என்று அவரே சொல்லியிருந்தார். அதே சட்டம்தான் ஏழைகளின் மருத்துவத்துக்கான மெடிக்கெய்டிலும் உணவு உதவியிலும் கைவைத்தது. ஆக வெட்டு கூடும். யார் வயிற்றில் என்பதுதான் கேள்வி. நான் ஏவுகணையில் வெட்டச் சொல்கிற பக்கம். 140 கோடி போதாது என்கிற பக்கம்.

எபை சனம் வாய்மூடிக் கிடக்கவில்லை. 1982இல் சுமார் ஆயிரம் பேர் படகுகளில் போய், தடை செய்யப்பட்ட தங்கள் தீவுகளில் இறங்கி மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். குத்தகைப் பணம் கூடியது, தளம் போகவில்லை. 2066 வரைக்கும் எழுதி வாங்கி வச்சிருக்கான். வேணும்னா 2086 வரை நீட்டிக்கலாமாம்.