வீட்டுக்கு வந்த விஞ்ஞானம்: வைஃபை நின்றுவிட்டால்...

நம் தீவுகளில் கணிப்பொறி வைத்திருக்கும் இல்லங்களில் இணையம் நின்றவுடன் எழும் முதற் பேச்சு, "கடலடிக் கேபிள் போய்விட்டது போலும்" என்பதே. நெடுங்காலம் செயற்கைக்கோளை மட்டுமே நம்பியிருந்த நமக்கு இவ்வச்சம் இயல்புதான். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்ற அந்தக் கேபிள், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுடையது. இன்று ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் கொண்டுள்ள போர்ட் பிளேர் வரை விநாடிக்கு 400 கிகாபிட் செய்தியைச் சுமக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. அத்தகைய பெருவழி செவ்வனே இயங்கிக் கொண்டிருக்க, மேசையடியில் இருக்கும் பெட்டியின் பின்புறத்தில் கட்டைவிரல் அளவேயான அடாப்டர் ஒன்று முரண்டு பிடிப்பதால் வீடே தவித்து நிற்பதும் உண்டு.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது ஒன்றே. அதே வைஃபையில் வீட்டிலுள்ள கைபேசி இயங்குகிறதா என்று பாருங்கள். அதுவும் இயங்காவிடில் கோளாறு வெளியே இருக்கிறது. ஃபைபர் இணைப்புப் பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், கண்ணாடி இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். புகார் செய்வதைத் தவிர நாம் செய்யக்கூடியது இல்லை. கைபேசி இயங்கிக் கணிப்பொறி மட்டும் இயங்காவிடில், கடலையும் அரசையும் நொந்து பயனில்லை.

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் சில திங்களுக்கு முன் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். மகளின் வேலை விண்ணப்பத்துக்கு மறுநாளே கடைசி நாள். கணிப்பொறியில் வைஃபைக் குறியே மறைந்துவிட்டது. கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, "மதர்போர்டு போய்விட்டது, சென்னையிலிருந்துதான் வரவேண்டும்" என்று சொல்லிவிட்டார். கப்பலில் வருவதென்றால் கடற்பயணம் மட்டுமே ஏறக்குறைய மூன்று நாள்! உண்மையில் பழுதானது எதுவுமில்லை. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக் கொண்டபோது, அடாப்டரை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருள் கெட்டிருந்தது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் அடாப்டரின் பெயரருகே மஞ்சள் முக்கோணம் தென்படும், அதுவே அடையாளம். அப்பெயரின் மீது வலப்பொத்தானை அழுத்தி அதனை நீக்கிவிட்டுக் கணிப்பொறியை மறுபடி இயக்கினால் பல வேளை தானே சரியாகிவிடும். ஆகாவிடில் டிரைவரைப் புதிதாக இறக்க வேண்டும்.

இணையமே இல்லாதபோது இணையத்திலிருந்து எப்படி இறக்குவது என்று தாய்மார்கள் வினவக்கூடும். வழி இருக்கிறது. கைபேசியை அதன் சார்ஜ் வயராலேயே கணிப்பொறியுடன் இணைத்து, அமைப்புகளில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குக. கைபேசியின் இணையம் வயர் வழியே கணிப்பொறிக்கு வந்து சேரும். அன்றிரவு அவ்விண்ணப்பம் சென்றது இவ்வழியில்தான். செலவு ஒரு காசும் இல்லை.

இனிப் புளூடூத். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்ற மன்னரின் பட்டப்பெயர் அது. கணிப்பொறிக்குள் செருகும் புதிய அட்டையை வாங்கியவர்கள், "வைஃபை வருகிறது, புளூடூத் மட்டும் வரவில்லை, அட்டை மோசம்" என்று குறைபடுவதுண்டு. அத்தகைய அட்டைகள் பெரும்பாலானவற்றில் வைஃபை செருகுமிடம் வழியாகவும், புளூடூத் தனியொரு சிறு வயர் வழியாகவும் செல்லும். அவ்வயரை மதர்போர்டிலுள்ள யூஎஸ்பி முனைகளில் மாட்டாமல் விட்டால், அட்டை எவ்வளவு உயர்ந்ததாயினும் புளூடூத் வாராது. பெட்டியுடன் வந்த ஆண்டெனாக்களை முறுக்காமல் அட்டைப் பெட்டியிலேயே பத்திரப்படுத்தி வைப்போரும் உளர்! அவர்களுக்கு என்ன சொல்ல?

பழைய புளூடூத் உள்ளிருக்க, புதியதொன்றைச் செருகினாலும் தொல்லையே. விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஒழுங்காக ஆளும். பழையதை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிட்டுப் புதியதைப் பயன்படுத்துக.

சிறிய யூஎஸ்பி அடாப்டர்களில் இன்னொரு நுட்பம் உண்டு. புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பெரும்பாலான பழைய வைஃபையும் அதிலேயே. நீல நிறமுள்ள யூஎஸ்பி 3.0 துளைகளும், அவற்றில் மாட்டிய ஹார்டு டிஸ்க்குகளும் இதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்புகின்றன. இன்டெல் நிறுவனமே 2012இல் இதனை விளக்கி அறிக்கை வெளியிட்டது. போதாதற்குத் தகரப் பெட்டியின் பின்புறம் அலைகளை மறைக்கிறது. ஆதலால் அடாப்டரைக் கருநிறத் துளைக்கு மாற்றுங்கள். இயன்றால் ஒரு மீட்டர் நீட்டிப்பு வயரில் மாட்டி மேசைமேல் வையுங்கள். இணைப்பு விட்டு விட்டு வரும் தொல்லை பெரும்பாலும் இதனாலேயே தீரும்.

ஊரிலுள்ள பெற்றோருடன் காணொளியில் பேசும்போது, புளூடூத் ஹெட்போனில் குரல் திடீரெனப் பழைய தொலைபேசி போல் மங்கினால் கலங்க வேண்டா. அது பழுதன்று. பல ஹெட்போன்களில், அதிலுள்ள மைக்கும் ஒருங்கே இயங்கும்போது ஒலியின் தரம் குறைக்கப்படுகிறது. தனி மைக் ஒன்றை மாட்டினால் ஒலி தெளிவாகிவிடும்.

சிறிது நேரம் இயங்கிப் பின் அடாப்டர் உறங்கிவிடுகிறதென்றால், டிவைஸ் மேனேஜரில் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த இக்கருவியை அணைக்கலாம் என்ற கட்டத்தின் குறியை நீக்குக. எதுவும் பலிக்காவிடில் கணிப்பொறியை அணைத்து, மின்வயரைக் கழற்றி, இயக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பின் இணைக்கவும். தேங்கிய மின்சாரம் வடிந்தபின் விழித்துக்கொள்ளும் அடாப்டர்கள் பல.

இறுதியாக, நம் ஊர்க் காற்று. உப்பும் ஈரமும் யூஎஸ்பி முனைகளில் பச்சை பிடிக்கச் செய்கின்றன. மழைக்காலத்தில் திங்களுக்கொரு முறை மின்சாரத்தை நிறுத்தி, அடாப்டரைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் முனையைத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் மாட்டுங்கள். தேங்காயெண்ணெய் தடவும் பழக்கம் ஒரு வீட்டில் கண்டேன். அது வேண்டவே வேண்டா.