பீரோவுக்குப் பசிப்பதில்லை

“மரமும் வறண்டு போகும், வருஷத்துக்கு இரண்டு தடவை எண்ணெய் காட்டினால்தான் வெடிக்காது” என்பது பாலிஷ் போட்ட தேக்கு பீரோ உள்ள வீடுகளில் சாதாரணமாகக் காதில் விழும் யோசனை. இதில் முதல் கோளாறு, எண்ணெய் மரத்தைத் தொடுவதே இல்லை என்பதுதான். ஆசாரிகள் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் அவலரக்கானாலும், துப்பாக்கியால் தெளிக்கும் என்.சி. லேக்கரானாலும், காய்ந்ததும் மரத்தின் மேல் மூடியாகப் படிந்துவிடும். தேய்த்த எண்ணெய் அந்த மூடியின் மேலேயே நிற்கும். மூடியில் கீறல் இருந்தால் மட்டும் உள்ளே இறங்கும். இறங்கிய இடம் கறுத்துக் கோடு விழும். மரம் வெடிப்பது எண்ணெய் போதாமல் அல்ல. காற்றின் ஈரம் ஏறி இறங்குவதற்கேற்ப அது உப்பிச் சுருங்குவதால். பீரோவை ஏசிக் காற்றுக்கு நேரே நிறுத்திவிட்டு எண்ணெய் தேய்ப்பது வீண் வேலை.

“தேய்த்ததும் பளபளக்கிறதே, கண்ணுக்குத் தெரிகிறதே” என்பார்கள். தெரியத்தான் செய்யும். நனைந்த கூழாங்கல்லும்தான் பளபளக்கிறது. நுண்ணிய கீறல்களை எண்ணெய் நிரப்புவதால் ஒளி சிதறாமல் திரும்புகிறது, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் காயாத எண்ணெய். தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். 24 டிகிரிக்குக் கீழே உறைவதால், மார்கழிக் காலையில் கதவின் செதுக்கு வேலைப்பாட்டுக்குள் வெள்ளையாகத் திரண்டு நிற்பதைப் பார்க்கலாம். அடுத்த முறை துடைக்கும்போது அதில் ஒட்டிய மணலே உப்புத்தாள் ஆகிவிடும். மறுபாலிஷ் போட வருபவருக்கும் தலைவலி. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் புதுப் பூச்சு பிடிக்காது. ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனால் அது இன்னும் மோசம். டர்பன்டைனும் வினிகரும் சேர்த்து அதை ஒருகாலத்தில் அருங்காட்சியகங்களே பூசின. வருஷங்கள் போகப்போக அது கறுத்து இறுகியது. அடியிலுள்ள பாலிஷைக் கெடுக்காமல் அதை எடுப்பது பெரும்பாடு.

பாட்டி காலத்து நிலைக்கதவு எண்ணெயில்தானே நூறு வருஷம் நின்றது என்ற கேள்வி நியாயமானது. பதிலும் அதிலேயே இருக்கிறது: அந்தக் கதவில் பாலிஷ் கிடையாது. வெறும் மரம் எண்ணெயைக் குடிக்கும். அதன் வழக்கத்தை லேக்கர் மேசைக்குக் கொண்டுவருவதில்தான் தப்பு.

அப்படியானால் என்னதான் செய்வது? நைந்த பருத்தித் துணியால் தூசி தட்டினால் போதும். பிசுக்கு இருந்தால் துணியை நனைத்து இறுகப் பிழிந்து துடைத்து, கையோடு காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும். எந்தப் பூச்சு என்று தெரியாவிட்டால், பின்பக்கம் மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் அவலரக்கு. அந்தப் பூச்சின் மேல் சானிடைசர் சிந்தக் கூடாது, சோடா உப்பும் அம்மோனியா கலந்த கண்ணாடி திரவமும் படக் கூடாது. மூன்றுமே அரக்கைக் கரைக்கும். சூடான காபி டம்ளர் விட்ட வெள்ளை வளையத்தையும் உடனே பற்பசையால் தேய்க்க வேண்டாம். பற்பசையில் இருப்பது அராவும் பொடி, பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். வளையம் பெரும்பாலும் பூச்சுக்குள் மாட்டிய ஈரம்தான். சில நாள் விட்டால் பல நேரம் தானே மங்கிவிடும்.