மேசைமேல் ஒரு லேத்

ஓய்வு பெற்றதும் குட்டி நீராவி எஞ்சின் செய்து பார்க்க ஆசைப்படுகிறவரின் கண் முதலில் போவது மினி லேத்தின் மேல்தான். எடை சுமார் 40 கிலோ, மேசைமேல் அடங்கும். சீனாவின் ஷாங்காயில் உள்ள சீக் நிறுவனத்தின் லேத்துகள் பல நாடுகளில் வேறு வேறு பெயரில், வேறு வேறு நிறத்தில் விற்கின்றன. பெயருக்கு மயங்க வேண்டாம்.

விலை குறைய முதல் காரணம், இரும்பு குறைவு. ஆழமாக வெட்டினால் அதிரும். பித்தளை, அலுமினியம் சுலபம். எஃகைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சீவ வேண்டும். இன்னொன்று, தொழிற்சாலையில் கடைசி நகாசு வேலையை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். அதை வாங்கியவர்தான் செய்ய வேண்டும்: கழற்றி, மண்ணெண்ணெயால் துடைத்து, பிசிறை அரத்தால் எடுத்து, ஸ்லைடு ஆடாமலும் இறுகாமலும் திருகுகளைச் சரிசெய்ய ஒரு சனி, ஞாயிறு போய்விடும். பொறுமை இல்லாதவர் வாங்காமலிருப்பதே நல்லது.

பிளாஸ்டிக் பற்சக்கரத்தைப் பார்த்துப் பலர் முகம் சுளிக்கிறார்கள். டூல் போய் சக்கில் மோதினால் பெரும்பாலும் உடைவது அதுதான். மாற்றச் செலவு சொற்பம். உலோகச் சக்கரம் போட்டால் சத்தம் கூடும், அடியும் வேறு பாகத்துக்குப் போகும்.

கைப்பணம் முழுவதையும் லேத்திலேயே போட்டுவிடக் கூடாது. நான்கு தாடை சக், டிரில் சக், டூல்கள், டயல் கேஜ் எல்லாம் பெரும்பாலும் தனி விலை.

அதே பணத்துக்குப் பழைய பட்டறை லேத் கிடைத்தால்? சக் பக்கத்தில் சாடிலை ஆட்டமில்லாமல் இறுக்கிவிட்டு, மறுகோடிக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும். அங்கே பிடித்துக்கொண்டால், சக் அருகே பெட் தேய்ந்திருக்கிறது. மோட்டார் த்ரீ பேஸா என்றும் கேட்க வேண்டும். வீட்டில் சிங்கிள் பேஸ் என்றால் அதையும் மாற்ற வேண்டிவரும்.