படம் எடுத்தால் மட்டும் போதுமா?

கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள். வீட்டு அலுமாரியில் ஓர் அல்பமும் இல்லை. புலம்பெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றின் இன்றைய நிலை இதுதான். "எல்லாம் இணையத்தில் பத்திரமாக இருக்கிறதே, பிறகு எதற்குக் கடதாசி?" என்று கேட்கிறார்கள்.

பத்திரமா? 2019 இல் மைஸ்பேஸ் நிறுவனம், மூன்றாண்டுகளுக்கு முன்னர் பயனர்கள் ஏற்றிய படங்களும் பாடல்களும் இனிக் கிடைக்காமற் போகலாம் என்று கைவிரித்தது. சேவைக் கணினி மாற்றத்தின்போது அவை தொலைந்தனவாம். 2021 ஜூன் முதலாம் திகதியுடன் கூகுள் படங்களுக்கான வரம்பற்ற இலவசச் சேமிப்பை நிறுத்தியது. அதே கூகுளின் துணைத் தலைவரும் இணையத்தை உருவாக்கியோருள் ஒருவருமான விண்ட் சேர்ஃப், முக்கியமான படங்களை அச்சிட்டு வைக்குமாறு 2015 இலேயே கூறியிருந்தார். அவர் அறியாத எதனை நாம் அறிந்துவிட்டோம்?

கடதாசி எரியும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1983 கலவரத்திலும், 1995 யாழ்ப்பாண இடப்பெயர்விலும், 2009 இல் வன்னியிலும் அல்பங்களை இழந்தவர்கள் நாம். ஆயினும் அந்த இழப்பு கடதாசியின் குற்றமன்று. ஒரே பிரதி ஒரே வீட்டில் இருந்ததே குற்றம். வெளிநாட்டு உறவினருக்குக் கடிதத்துடன் அனுப்பிய படங்கள் அல்லவா தப்பிப் பிழைத்தன?

இன்று பிரதியெடுப்பது எவ்வளவு எளிது! அமெரிக்காவில் வால்கிறீன்ஸ், சீவிஎஸ், வால்மார்ட் ஆகியவற்றின் செயலியில் படத்தைத் தெரிவுசெய்து ஒரு கிளையைக் குறித்தால், பெரும்பாலும் அன்றே பெற்றுக்கொள்ளலாம். வேறு நகரில் வாழும் உறவினருக்கு அருகிலுள்ள கிளையையே குறித்துவிட்டால், பிரதி இன்னொரு வீட்டிலும் சேர்ந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். வட்ஸ்அப்பில் வந்த படம் பெரும்பாலும் சுருக்கப்பட்டது. மூலப் படத்தையே அனுப்புங்கள். அடுத்து, கைத்தொலைபேசிப் படம் வழக்கமாக 4:3 விகிதத்தில் அமையும். 4×6 அங்குலக் கடதாசியோ 3:2. படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். பின்வரிசையில் நிற்கும் அம்மப்பாவின் தலை போய்விடாதவாறு, வெட்டும் எல்லையை நீங்களே சரிசெய்யுங்கள்.

இந்த வசதியும் நிரந்தரமன்று. கொஸ்ட்கோ தன் அமெரிக்கக் கடைகளின் படப் பிரிவுகளை 2021 இல் மூடிவிட்டது. எல்லாவற்றையும் அச்சிட வேண்டாம். ஆண்டுக்கு இருபது படங்கள் போதும். பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் பென்சிலால் எழுதுங்கள். பெயரற்ற முகம் பேரப்பிள்ளைக்கு அந்நியர் முகமே.