வீட்டு வாசலில் நின்றுவிடும் ஓய்வுச் சட்டம்

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருக்கு நேர்வதைப் போலத் தடுமாறும் என்று 1997இல் ‘நேச்சர்’ இதழில் டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். இத்தாலியில் வாகன ஓட்டிகளுக்கான சட்ட வரம்பும் அதே 0.05தான். களைப்பைப் பணியிட ஆபத்தாகக் கொண்டு, வேலை நேரத்துக்கு எல்லை வகுத்துக் கட்டுப்படுத்துவது ஐரோப்பிய வழி.

அங்கே சரக்கு லாரி ஓட்டுநர் நான்கரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். ஓட்டிய நேரத்தை வண்டியிலுள்ள டாக்கோகிராஃப் பதிவு செய்துவிடும். மருத்துவமனைகளில் காரியம் இவ்வளவு எளிதாக முடியவில்லை. நாளொன்றுக்கு 11 மணி நேரத் தொடர் ஓய்வு என்ற விதியை 2003இல் ஏற்ற இத்தாலி, 2008 முதல் பொது மருத்துவப் பணியாளர்களை அதிலிருந்து விலக்கியது. ஐரோப்பிய ஆணையம் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், 2015 நவம்பர் 25 முதல், அந்த விலக்கு நீங்கியது. பணியிடத்திலேயே தங்கி அழைப்புக்குக் காத்திருக்கும் மருத்துவர் இடையில் தூங்கினாலும் அது வேலை நேரமே என்று 2003இல் யேகர் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

அதே மருத்துவப் பராமரிப்பு ஒரு வீட்டுக்குள் நடந்தால் நிலைமை வேறு. இத்தாலியின் பலேர்மோ நகருக்கு 1980களிலிருந்து வந்து சேர்ந்த இலங்கைத் தமிழர்களில் பலருக்கு வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்பும்தான் பிழைப்பு. மருந்து கொடுப்பது, படுக்கையிலிருந்து தூக்குவது, இரவில் கழிப்பறைக்கு அழைத்துப்போவது எல்லாம் தாதியின் வேலைதான். ஆனால் 1989ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப் பாதுகாப்பு ஆணை, ‘தொழிலாளர்’ என்பதன் வரையறையிலிருந்தே வீட்டுப் பணியாளரை வெளியே நிறுத்தியது. 2008ஆம் ஆண்டின் இத்தாலியச் சட்டமும் அதையே செய்தது.

உரிமைகளே இல்லை என்று சொல்ல முடியாது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் இரவில் எட்டு மணி நேர ஓய்வைத் தருகிறது. உடன் தங்கி வேலை செய்பவருக்குத் தேசியக் கூட்டு ஒப்பந்தம் வாரம் 54 மணி நேரம் என்று எல்லை வகுத்து, நாளுக்கு 11 மணி நேர ஓய்வும் வாரத்துக்கு 36 மணி நேர ஓய்வும் அளிக்கிறது. அந்த 36இல் 24 மணி நேரம் ஞாயிறுக்குரியது. வீட்டுப் பணியாளர் பற்றிய சர்வதேசத் தொழில் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கையை 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் முதலில் ஏற்றதும் இத்தாலிதான்.

குறை கணக்கிடுவதில் இருக்கிறது. ஞாயிறு ஓய்வில் பணியாளர் வீட்டை விட்டு வெளியேறுகிறார். பெல்லெகிரீனோ மலையில் உள்ள புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குத் தமிழர்கள் ஏறிப்போவது பலேர்மோவில் பழகிய காட்சி. இரவு ஓய்வுக்கு அப்படிச் சாட்சி கிடையாது. அடுத்த அறையில் கூப்பிடும் குரலுக்கு மூன்று முறை எழுந்தவர் அன்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதைப் பதிய எந்தக் கருவியும் இல்லை. தொழில் ஆய்வாளரும் தனியார் வீட்டுக்குள் எளிதில் நுழைய முடியாது. முதலாளி என்பவரோ பெரும்பாலும் நோயாளியின் மகளோ மகனோ, அவர்களும் களைத்தவர்கள்தான்.

வழி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. முதன்மைப் பணியாளரின் ஓய்வு நேரங்களுக்கு மட்டும் இன்னொருவரை அமர்த்த அது இடம் தருகிறது. ஆனால் பிறர் துணையின்றி இயங்க முடியாத முதியவருக்கு அரசு தரும் மாத உதவித்தொகை 500 யூரோவைச் சற்றே தாண்டுகிறது. இரண்டாவது ஆளின் கூலிக்கு அது போதாது. ஆகவே வசதியான வீடுகளில் மட்டுமே இந்த விதி நடைமுறைக்கு வருகிறது.