சாலை பந்தயத் திடலன்று

நுழையும்முன்

வேகத்தை விரும்புவது இளமையின் இயல்பு. அவ்விருப்பம் குற்றமன்று; அதை நிறைவேற்றிக்கொள்ளும் இடமும் முறையுமே ஆராயத்தக்கவை. பொதுச்சாலையில் நிகழும் பந்தயம், அதில் கலந்துகொள்ள ஒருபோதும் இசையாதவரின் உயிரையும் பணயமாக வைக்கிறது. இதனைத் தடுக்கும் பொறுப்பு இளைஞருக்கு மட்டுமன்றிப் பெரியவர்களுக்கும் உண்டு.

பாலம் கற்பித்த பாடம்

இராமேசுவரம் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பழைய பாம்பன் தொடர்வண்டிப் பாலம் 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று பின்னாளில் பொருத்தப்பட்டது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சைகை விளக்கு தானாகவே சிவப்புக்கு மாறியது. எத்தனை பயணிகளைச் சுமந்து வந்தாலும் வண்டி நின்றாக வேண்டியிருந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடிக்குச் சென்ற தொடர்வண்டியைப் பயணிகளோடு கடலுக்குப் பறிகொடுத்த கடற்கரை இது. நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதன் அருமை இம்மண்ணுக்குத் தெரியும்.

அப்பாலத்திற்கு இணையாகச் செல்வது, 1988இல் திறக்கப்பட்ட அன்னை இந்திரா காந்தி சாலைப்பாலம். ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் நீளமுடைய இப்பாலத்தில் விசையுந்தைத் தானாக நிறுத்தும் கருவி எதுவும் இல்லை. எப்போது விரைவது, எப்போது வேகத்தைக் குறைப்பது என்பதை ஓட்டுபவரின் கையே முடிவு செய்கிறது.

நேர்ச்சாலையின் மயக்கம்

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் நீளும் சாலை 2017இல் திறக்கப்பட்டது. இருபுறமும் கடல், நடுவே நீண்டு கிடக்கும் சாலை. தொண்டி, தேவிபட்டினம் வழியே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இத்தகைய நேரான பகுதிகள் உண்டு. நேர்ச்சாலையைக் கண்டதும் வேகத்தைக் கூட்ட எண்ணுவது மனித இயல்பு. ஆனால் கடலோரச் சாலை கண்ணுக்குத் தெரிவது போல் எளியதன்று. காற்று அள்ளி வரும் மணல் தார்ச்சாலையில் படியும்போது சக்கரத்தின் பிடிப்பு குறைகிறது. பாலத்தின்மீது பக்கவாட்டில் வீசும் காற்று வண்டியைத் தள்ளுகிறது. கடலழகில் மனம் பறிகொடுத்த பயணிகள் பாலத்தின் ஓரத்தில் இறங்கி நிற்கின்றனர். கூடை சுமந்து மீன் விற்கச் செல்லும் பெண்ணும், பள்ளி விட்டு மிதிவண்டியில் திரும்பும் சிறுவனும் இச்சாலையைத்தான் நம்பியுள்ளனர்.

வேகம் எதைத் தருகிறது? பாம்பன் சாலைப்பாலத்தை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க மூன்றரை நிமிடம் ஆகும். 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடமும் பத்து நொடியும் போதும். மிச்சமாவது இரண்டே கால் நிமிடத்திற்குச் சற்று மேல். அதற்காக ஓர் உயிரை ஈடு வைப்பது எவ்வகை வணிகம்?

இயற்பியல் சொல்லும் உண்மை

வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை வகுப்பறையில் கற்கிறோம். சாலையில் அதன் பொருள் என்ன? ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகிறது எனக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அந்த நொடியில் 17 மீட்டர் ஓடிவிடும்; பிரேக் பிடித்தபின் உலர்ந்த சாலையில் மேலும் 20 மீட்டர் ஓடி நிற்கும். 120 கிலோமீட்டர் வேகத்திலோ முதல் நொடியில் 33 மீட்டரும் அதன்பின் 80 மீட்டரும் ஓடும். நூறு மீட்டர் ஓட்டப்பந்தயத் தடத்தைவிட இது நீளமானது. மணல் படிந்த சாலையில் இத்தொலைவு இன்னும் கூடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். 120 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது 57 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். துணிவு இக்கணக்கை மாற்றுவதில்லை.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவ்விறப்புகளில் பத்தில் ஏழு, அளவுகடந்த வேகத்தால் நேர்ந்தவை.

திடலும் சாலையும்

பந்தயம் நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. இராமநாதபுரச் சீமையின் திருவிழாக்களில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனப் பிரிவு பிரித்து மாட்டுவண்டிப் பந்தயம் நடைபெறும். அதற்கு முன்னறிவிப்பு உண்டு; அனுமதி உண்டு; எல்லை உண்டு. ஓடுபவர் யார், ஒதுங்கி நிற்பவர் யார் என்பது அனைவருக்கும் தெரியும். நள்ளிரவுச் சாலைப் பந்தயத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை.

உலகெங்கும் இவ்வேறுபாடு பட்டறிவால் உணரப்பட்டது. கால் மைல், அதாவது 402 மீட்டர் தொலைவை நேர்கோட்டில் யார் முதலில் கடப்பது என்னும் போட்டி அமெரிக்கத் தெருக்களில் பரவியபோது, வாலி பார்க்ஸ் என்பவர் 1951இல் ஒரு சங்கம் நிறுவி, அதனை விதிகளுக்கு உட்பட்ட திடல்களுக்குக் கொண்டு சென்றார். அங்கே தீப்பற்றாத உடை, வண்டியை நிறுத்த உதவும் வான்குடை, மணற்படுகை, காத்திருக்கும் மருத்துவக் குழு ஆகிய அனைத்தும் உண்டு. அவ்வாறிருந்தும் 2008இல் ஸ்காட் கலிட்டா என்னும் வீரர் உயிரிழந்தார். உடனே, மிகு வேக வண்டிகளுக்கான தொலைவு 305 மீட்டராகக் குறைக்கப்பட்டது. இத்தனை காப்பு இருந்த இடத்திலேயே எல்லையைச் சுருக்கினர் என்றால், எக்காப்பும் இல்லாத நம் நெடுஞ்சாலையைப் பற்றி என்ன சொல்வது?

தமிழகத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் பந்தயத் திடல்கள் உள்ளன. 2005இல் பார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தம் திறனைக் காட்டியது திடலில்தான்.

புகழின் விலை

2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், வலையொளியால் பெயர்பெற்ற இளைஞர் ஒருவர் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்று விழுந்தார். அவர் சிறை சென்றார். அவரது ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்குத் தடைசெய்யப்பட்டது. தலைக்கவசமும் காப்புடையும் அணிந்திருந்த அவர் எலும்பு முறிவோடு உயிர் தப்பினார். அவரைப் பார்த்து அதே செயலைச் செய்ய முனையும் மாணவனிடம் இருப்பதோ பள்ளிச் சீருடை மட்டுமே.

யார் பொறுப்பு?

சட்டம் தெளிவாக உள்ளது. மாநில அரசின் எழுத்து வழி இசைவின்றிப் பொதுவிடத்தில் பந்தயம் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். பதினெட்டு வயது நிறையாதவர் குற்றம் புரிந்தால், வண்டியைத் தந்த பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். ஓட்டிய சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற இயலாது. பதினோராம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

ஆயினும் தண்டம் மட்டும் போதாது என்பதே என் கருத்து. தேர்வில் வென்றால் வண்டி வாங்கித் தருவதாக வாக்களிக்கும் பெற்றோர், உரிமம் பெறும் வயதுக்குமுன் சாவியைத் தர மறுக்க வேண்டும். பள்ளிகள் சாலைப் பாதுகாப்பை ஒருநாள் உறுதிமொழியோடு முடிக்காமல், பிரேக் பிடிக்கும் தொலைவை விளையாட்டுத் திடலில் அளந்து காட்ட வேண்டும். தென் மாவட்ட இளைஞருக்கு இருங்காட்டுக்கோட்டை எட்டாத் தொலைவு. எனவே முறையான பயிற்சித் திடல் ஒன்றை அரசு இப்பகுதியில் அமைக்க வேண்டும். விருப்பத்திற்கு வழி காட்டாமல் தடை மட்டும் விதித்தால், அது இருளைத் தேடிச் செல்லும்.

மாணவர்களே, நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. தலைக்கவசத்தின் வாரை இறுக்கி அணியுங்கள். பின்னால் அமர்பவரையும் அணியச் செய்யுங்கள். போட்டிக்கு அழைக்கும் நண்பனிடம் வரமாட்டேன் என்று சொல்லுங்கள். அவன் ஓட்டும்போது படம் எடுக்கவும் மறுத்துவிடுங்கள். பார்ப்பவர் இல்லாத இடத்தில் பந்தயம் நெடுநாள் நிலைப்பதில்லை. விபத்தைக் கண்டால் 108ஐ அழைத்து உதவுங்கள். வேகத்தை அடக்கி ஆள்பவரே நல்ல ஓட்டுநர். அவரை நம்பித்தான் முன்பின் அறியாத பலர் நாள்தோறும் சாலையில் இறங்குகின்றனர்.